‘பண்ணிடலாங்க’ சொல்வதற்கு முன்

ஆர்டர் என்று போன் வந்தால் திருப்பூரில் எங்கள் வாயிலிருந்து தானாக விழும் சொல் ‘பண்ணிடலாங்க’. எத்தனை பீஸ், எந்தத் தேதி, எப்போது பணம் என்று கேட்பதற்குள் அந்தச் சொல் மறுமுனைக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். 20 மெஷின் போட்டு டி-ஷர்ட் தைக்கும் யூனிட் என்னுடையது. அந்த ஒரு சொல்லுக்கு ஒருமுறை நான் கொடுத்த விலையை முதலில் ரூபாய்க் கணக்கில் சொல்லிவிடுகிறேன். எண்களை முழுதாக்கித் தருகிறேன். உங்கள் தொழில் எதுவானாலும் உங்கள் எண்களைப் போட்டுப் பார்க்க அது வசதியாக இருக்கும்.

ஆர்டர் 40,000 பீஸ். துணி முதல் பேக்கிங் வரை எங்கள் பொறுப்பு. விலை 150 ரூபாய், அடக்கம் 132. மொத்தம் 60 லட்சம் ரூபாய் பில், 7.2 லட்சம் லாபம். சரக்கு போய் 90 நாளில் பணம். அதற்கு முன் நான் செய்துகொண்டிருந்தது ஜாப் ஒர்க்: வெட்டிய துணி வரும், தைத்துக் கொடுப்போம், எல்லாச் செலவும் போக பீஸுக்கு 4 ரூபாய் நிற்கும். நாளைக்கு 800, மாதத்துக்கு 20,000 பீஸ் என்றால் 80,000 ரூபாய். இரண்டு மாத வேலைக்கு 7.2 லட்சமா, 1.6 லட்சமா என்று கேட்டால் யார்தான் யோசிப்பார்கள்? நானும் யோசிக்கவில்லை.

நூலுக்கும் சாயத்துக்கும் கூலிக்கும் 52.8 லட்சம் கையிலிருந்து போயிற்று. பாதி வங்கி ஓவர்டிராஃப்ட், பாதி கைமாற்று. தைத்து முடிக்க இரண்டு மாதம், பணம் வர மூன்று மாதம். சராசரியாக நான்கு மாதம் அந்தப் பணம் முடங்கிக் கிடந்தது. ஆண்டுக்கு 12% வட்டி என்று வைத்தாலே 2.1 லட்சம். செக்கிங்கில் 3% கழிந்தது. அந்த 1,200 பீஸை காதர்பேட்டைச் சந்தையில் 50 ரூபாய்க்குத் தள்ளியதில் 1.2 லட்சம் போனது. சாயப்பட்டறையிலிருந்து துணி பிந்தி வந்ததால் 12 நாள் தாமதம். அதற்கு வாங்கியவர் பில்லில் பிடித்துக்கொண்ட 5% டெபிட் நோட், 2.9 லட்சம். கடைசியில் நின்றது 1 லட்சம்.

பணத்தைவிட என்னை உறுத்தியது வேறொன்று. ஒன்பது வருடமாக எனக்குத் துணி அனுப்பிக்கொண்டிருந்த ஒருவரின் வேலையை அந்த இரண்டு மாதமும் மூலையில் போட்டு வைத்திருந்தேன். ஒருநாள் காலை டாடா ஏஸ் வந்து நின்றது. நம்பர் கட்டிய கட்டிங் பண்டல்களை அவருடைய ஆட்கள் ஒவ்வொன்றாக ஏற்றினார்கள். சுவரோரம் தரை காலியாகிக்கொண்டே வந்தது. “நீங்க பெரிய ஆர்டர்ல இருக்கீங்க தம்பி, உங்களைத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு பார்த்தேன்” என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். திரும்ப அவர் துணி என் யூனிட்டுக்கு வர ஒன்றரை வருடம் ஆயிற்று.

அந்த ஆர்டர் கெட்டதா என்றால், இல்லை. 40,000 பீஸ் என்ற அளவும், 150 ரூபாய் என்ற விலையும், 90 நாள் என்ற தவணையும் 20 மெஷினோடு சேர்ந்தபோதுதான் அது கெட்டது. வரும் வாய்ப்பு நல்லதா கெட்டதா என்று தனியாக எடை போடுவதில்தான் நம்மில் பலர் தவறுகிறோம். அதை நம் மெஷினோடும் நம் பணத்தோடும் சேர்த்து வைத்துத்தான் எடை போட வேண்டும்.

மொரிட்டா வரைந்த கோடு

இதை எனக்குத் தெளிவாக்கியவர் சோனியை உருவாக்கிய இருவரில் ஒருவரான அகியோ மொரிட்டா. 1955இல் சிறிய டிரான்சிஸ்டர் ரேடியோ ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு அமெரிக்காவில் ஆர்டர் தேடி அலைந்தார். நிறுவனத்தின் பெயர் அப்போது சோனி கூட இல்லை. டோக்கியோ சூஷின் கோக்யோ. சோனி என்பது பொருளின் மேல் ஒட்டிய பெயர் மட்டுமே. கடிகாரத்துக்குப் பேர்போன புலோவா நிறுவனம் ஒரு லட்சம் ரேடியோ வேண்டும் என்றது. ஒரே நிபந்தனை, ரேடியோவில் புலோவா பெயர்தான் இருக்க வேண்டும். மொரிட்டா ஊருக்குச் செய்தி அனுப்பினார். ஒப்புக்கொள் என்று பதில் வந்தது. அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

நிர்வாகப் பாடம் எடுப்பவர்கள் எல்லோரும் சொல்லும் கதை இது. ஆனால் இதிலிருந்து சிறுதொழில் செய்பவர் எடுத்துக்கொள்ளக்கூடியது குறைவு என்பது என் எண்ணம். மறுத்து வென்றவர் சுயசரிதை எழுதினார், நாம் படிக்கிறோம். மறுத்துவிட்டு அடுத்த மாதச் சம்பளத்துக்குத் திண்டாடியவர்களின் கதை நம்மிடம் வந்து சேர்வதில்லை. சொந்தப் பெயரில் விற்பதா, அடுத்தவர் பெயருக்குச் செய்து கொடுப்பதா என்பது ஒரு நிறுவனத்தின் ஆயுள் முழுதும் தொடரும் முடிவு. திருப்பூர் பெரும்பாலும் அடுத்தவர் பெயருக்குத் தைத்தே வளர்ந்த ஊர். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

அதே காலத்தில் நடந்ததாக மொரிட்டா ‘மேட் இன் ஜப்பான்’ நூலில் சொல்லும் இன்னொரு சம்பவம்தான் நமக்கானது. சுமார் 150 கடைகள் கொண்ட ஒரு சங்கிலி நிறுவனத்துக்குக் கொள்முதல் செய்பவர் அவருடைய ரேடியோவை விரும்பினார். பெயரை மாற்றச் சொல்லவில்லை. 5,000, 10,000, 30,000, 50,000, ஒரு லட்சம் என ஐந்து அளவுகளுக்கும் விலை கேட்டார். வழக்கமாக அளவு கூடினால் விலை குறையும். மொரிட்டா உட்கார்ந்து கணக்குப் போட்டார். 5,000க்கு வழக்கமான விலை. 10,000க்குத் தள்ளுபடி. 30,000இலிருந்து விலை ஏறத் தொடங்கியது. 50,000க்கு அது 5,000இன் விலையைத் தாண்டியது. ஒரு லட்சத்துக்கு இன்னும் மேலே போனது. காகிதத்தில் வரைந்தால் கிண்ணத்தின் வடிவம்.

இப்படியொரு விலைப்பட்டியலைப் பார்த்ததே இல்லை என்றார் வந்தவர். மொரிட்டா காரணத்தைச் சொன்னார். ஒரு லட்சம் செய்வதற்கு ஆலையைப் பெரிதாக்க வேண்டும், ஆள் எடுத்துப் பழக்க வேண்டும். அடுத்த வருடமும் அதே அளவு ஆர்டர் வராவிட்டால் அந்தக் கட்டடத்தையும் ஆட்களையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? அந்தச் சுமை முழுவதையும் இந்த ஒரு ஆர்டரே தாங்க வேண்டும், அதனால்தான் அந்த விலை. வந்தவர் யோசித்துவிட்டு 10,000 ரேடியோவுக்கு ஆர்டர் கொடுத்தார், 10,000க்கான விலையிலேயே.

இதில் மறுப்பு எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. முடியும் அளவுக்கு ஒரு விலை, முடியாத அளவுக்கு வேறொரு விலை. முடிவை வாங்குபவர் கையிலேயே விட்டுவிட்டார். ‘முடியாது’ என்று சொல்ல நம் ஊரில் பலருக்கு நாக்கு எழாது. வந்த லட்சுமியைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று வீட்டில் சொல்லி வளர்த்திருப்பார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு மொரிட்டாவின் கோடு கைகொடுக்கும்.

இப்போது என்னிடம் யார் விலை கேட்டாலும் மூன்று அளவுகளுக்குக் கொடுக்கிறேன். இருக்கும் மெஷினில், இருக்கும் வேலைக்கு இடையே முடிக்கக்கூடியது 8,000 பீஸ் என்றால் அதற்கு 150. ஒரே துணியை ஒரே செட்டிங்கில் ஓட்டுவதால் 12,000 வரை எனக்கு மிச்சமாகும், எனவே 148. அதற்கு மேல் போனால் ஓவர்டைம் வரும். ஓவர்டைமுக்குச் சட்டப்படி இரட்டைச் சம்பளம். இன்னும் மேலே போனால் வெளி யூனிட்டுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும். அங்கே போய் உட்கார என் செக்கிங் ஆள் ஒருவர் வேண்டும், கழிவும் கூடும். 40,000 பீஸுக்கு என் விலை 165. அந்த விலைக்கு ஒருவர் சரி என்றால் சந்தோஷமாகச் செய்வேன், ஏனென்றால் அதில் எல்லாம் அடங்கியிருக்கிறது.

பணம் எப்போது வரும்?

லாபம் எவ்வளவு என்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. பில் போட்ட மறு மாதம் 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வேண்டும். மாதாந்தரக் கணக்கு காட்டுபவர் உள்ளீட்டு வரி போக மீதியை அப்போதே கட்டியாக வேண்டும். வாங்கியவர் நமக்குப் பணம் தந்தாரா என்று அரசு பார்ப்பதில்லை. 90 நாள் தவணையில் விற்பவர் வராத பணத்துக்கும் கைக்காசு போட்டு வரி கட்டுகிறார். ஆகவே ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு காகிதத்தில் வாரவாரியாகக் கோடு போடுங்கள். எந்த வாரம் எவ்வளவு போகிறது, எந்த வாரம் எவ்வளவு வருகிறது என்று எழுதுங்கள். எந்த வாரத்தில் பள்ளம் மிக ஆழமோ, அந்தப் பள்ளத்தை நிரப்பும் பணம் இன்றைக்கே கண்ணில் தெரிய வேண்டும். ‘எங்கேயாவது புரட்டிக்கலாம்’ என்று தோன்றினால் ஆர்டரின் அளவைக் குறையுங்கள்.

சட்டம் நம் பக்கம் ஓரளவு இருக்கிறது. அதைத் தெரிந்து வைத்துக்கொள்வது பேரத்துக்கு உதவும். குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் 2006இன்படி குறு, சிறு நிறுவனங்களிடம் பொருளோ சேவையோ வாங்கியவர் ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லாவிட்டால் 15 நாளுக்குள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டியைப்போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதந்தோறும் கூட்டு வட்டியாக. வருமான வரிச் சட்டத்திலும் இதற்கென ஒரு விதி 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் வந்தது. அதன்படி குறித்த நாளுக்குள் பணம் தராத வாங்குநர், உண்மையில் பணம் தந்த ஆண்டில்தான் அதைச் செலவாகக் கழிக்க முடியும். இந்தப் பாதுகாப்புக்கு, இத்தகைய நிறுவனங்களுக்கென அரசு வைத்திருக்கும் உத்யம் பதிவு அவசியம். வெறும் வாங்கி விற்கும் வியாபாரத்துக்கு இது பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஒருவேளை பேச்சின் நடுவே, ‘பில்லில் உத்யம் நம்பர் போடாதீங்க’ என்று வாங்குபவர் கேட்டால் அங்கேயே நிறுத்துங்கள். 45 நாளில் தரும் எண்ணம் அவருக்கு இல்லை என்பதைத்தான் அவர் வேறு வார்த்தையில் சொல்கிறார். என் அனுபவத்தில் ஒரு கம்பெனியின் குணத்தை இவ்வளவு சீக்கிரம் காட்டிக்கொடுக்கும் கேள்வி வேறில்லை.

வாங்குபவர் பெரிய நிறுவனமாக இருந்தால் ட்ரெட்ஸ் தளத்தில் இருக்கிறாரா என்று கேளுங்கள். அவர் ஒப்புக்கொண்ட பில்லை வங்கிகள் ஏலத்தில் எடுத்து நமக்கு முன்கூட்டியே பணம் தரும் ஏற்பாடு அது. விற்றுமுதல் 250 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள் அதில் சேர்ந்தாக வேண்டும் என்று 2024 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. வெளிநாட்டு பையர் என்றால், பணம் வராமல் போனால் ஈடு தரும் இசிஜிசி ஏற்றுமதிக் காப்பீடு கிடைக்குமா என்று பாருங்கள். அவர்கள் தயங்கும் பையருக்கு நீங்கள் துணிவதற்கு வலுவான காரணம் இருக்க வேண்டும்.

நம் கையில் இல்லாதவை

ஒப்புக்கொள்ளும் தேதி நம்முடையது, வேலை பலருடையது. 2011 ஜனவரியில் நொய்யல் ஆற்று மாசு வழக்கில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி திருப்பூரின் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. ஷிப்மெண்ட் தேதி எழுதிக் கொடுத்திருந்தவர்கள் துணியைத் தூக்கிக்கொண்டு வெளியூர்ப் பட்டறைகளுக்கு ஓடினார்கள். அவர்கள் தையலில் எந்தக் குறையும் இல்லை. ஆனாலும் தேதி தவறியது.

அவ்வளவு பெரிய இடி அடிக்கடி விழாது. சின்னவை வருடந்தோறும் வரும். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் பிரிண்டிங்கில் வரிசை நிற்கும். பொங்கலுக்குத் தென்மாவட்டத்து ஆட்கள் ஊருக்குப் போவார்கள். ஹோலிக்கும் சட் பூஜைக்கும் பீகார்ப் பிள்ளைகள் ரயிலேறுவார்கள், திரும்பி வர மூன்று வாரம் ஆகும். ஆர்டர் வந்ததும் நம் கையில் இல்லாத வேலைகளை மட்டும் தனியாக எழுதுவது என் வழக்கம்: சாயம், காம்பாக்டிங், பிரிண்டிங், லேபிள். அந்தப் பட்டியல் நான்கைத் தாண்டினால் தேதியில் பத்து நாள் கூட்டிக் கேட்பேன். தர மறுத்தால் விட்டுவிடுவேன்.

ஒரே இடத்தைச் சார்ந்திருப்பதும் இதே வகைதான். 2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50% வரி போட்டபோது, முழுக்க முழுக்க அமெரிக்க பையருக்கே தைத்துக்கொண்டிருந்த யூனிட்டுகள் ஒரே வாரத்தில் தவித்தன. ஐரோப்பாவுக்கும் உள்நாட்டுக்கும் பிரித்துச் செய்தவர்கள் அடிபட்டாலும் நின்றார்கள். என் மொத்த வேலையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒருவரிடமிருந்து வரக் கூடாது என்று வைத்திருக்கிறேன். இது சட்டம் ஒன்றும் இல்லை. ஒருவர் போனால் மற்ற இருவரை வைத்துச் சம்பளம் போட முடிய வேண்டும், அவ்வளவே. நல்ல பையர் இன்னும் கொடு என்று கேட்கும்போது இதைக் கடைப்பிடிப்பதுதான் கஷ்டம். கெட்டவரை மறுப்பது சுலபம்.

பனியனுக்கு மட்டும் உரிய கணக்கு இல்லை இது. கல்யாணச் சமையல் ஒப்பந்தக்காரரைக் கேளுங்கள். தையிலும் ஆவணியிலும் ஒரே முகூர்த்த நாளில் மூன்று வீட்டார் அட்வான்ஸோடு வருவார்கள். பாத்திரம் வாடகைக்குக் கிடைக்கும், பரிமாற ஆளும் கிடைப்பார்கள். மாஸ்டர் ஒருவர்தான். சாம்பாரை ருசி பார்த்துச் சரி சொல்லும் அந்த ஒரு நாக்கு எத்தனை மண்டபத்தில் இருக்க முடியுமோ அத்தனை கல்யாணம்தான் அவருடைய அளவு. உங்கள் தொழிலிலும் அப்படி ஒன்று இருக்கும். அது ஒரு மெஷினாக இருக்கலாம், ஒரு ஆளாக இருக்கலாம், நீங்களாகவே இருக்கலாம். அந்த ஒன்றின் ஒரு மணி நேரத்துக்கு எந்த வேலை அதிகம் தருகிறது என்று பார்த்தால் பாதிக் குழப்பம் அப்போதே தீரும்.

சொந்தக்காரர் கூட்டுத் தொழிலுக்கு அழைப்பது வேறு வகை வாய்ப்பு. மச்சான் வந்து, ‘நீங்க பேர் மட்டும் குடுங்க மாமா, மத்ததை நான் பாத்துக்கறேன்’ என்றால், பெயர் கொடுப்பது என்பது வங்கியில் கையெழுத்துப் போடுவது என்று புரிந்துகொள்ளுங்கள். பணமாகக் கொடுக்க முடிந்ததை, போனாலும் உறவு கெடாத அளவுக்குக் கொடுத்துவிடுங்கள். ஜாமீன் வேண்டாம்.

நஷ்டம் என்று தெரிந்தே சிலவற்றை ஏற்கலாம். குழந்தைகள் உடை எனக்குப் புதிது. பட்டன் இழுத்தாலும் பிய்ந்து வரக் கூடாது, கழுத்துக் கயிறு கூடாது என்று அதில் விதிகளே வேறு. கற்றுக்கொள்ள 1,500 பீஸ் ஆர்டர் ஒன்றை அடக்க விலைக்கே எடுத்தேன். எடுக்கும்போதே 30,000 ரூபாய் வரை போகலாம், அதற்கு மேல் இல்லை என்று எழுதி வைத்தேன். வரம்பு எழுதாமல் ‘அனுபவத்துக்கு’ என்று எடுப்பவை வருடக்கணக்கில் அப்படியே ஓடும். விளம்பரம் கிடைக்கும், அடுத்து பெரிய ஆர்டர் தருவோம் என்று இலவசமாக வேலை கேட்பவர்களிடமும் இதே வரம்புதான்.

எப்படிச் சொல்வது?

போனில் பதில் சொல்லாதீர்கள். ‘நாளை மாலைக்குள் சொல்றேங்க’ என்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஒருநாளில் மேலே சொன்ன காகிதங்களைப் போட்டு முடித்துவிடலாம். ஒருநாள்கூடத் தர முடியாத ஆர்டர் என்றால், வேறு யாரோ கடைசி நேரத்தில் கைவிட்டது அது. ஏன் கைவிட்டார்கள் என்று விசாரியுங்கள். அவசரத்துக்கு உரிய விலையும் கேளுங்கள்.

நம்மவர்கள் மறுக்கும் விதம்தான் உறவைக் கெடுக்கிறது. போனை எடுக்காமல் இருப்பது, ‘பார்க்கலாங்க’ என்று இழுப்பது. கேட்டவர் நம்மை நம்பி ஒரு வாரத்தை இழக்கிறார். நான் அனுப்பும் செய்தி இப்படி இருக்கும்: “அண்ணா, உங்க ஆர்டர் பார்த்தேன். 40,000 பீஸை உங்க தேதிக்குள்ள தரமா குடுக்க எங்களால ஆகாது. 12,000 பீஸ் அடுத்த மாசம் 20ஆம் தேதிக்குள்ள 148 ரூபாய்க்குத் தர முடியும். நூலுக்கு 40% அட்வான்ஸ், மீதி 30 நாள்ல. இது ஒத்துவராட்டி சொல்லுங்க, இந்த வேலை நல்லாச் செய்யற யூனிட் ஒண்ணு தெரியும், நம்பர் தர்றேன்.” காரணம் ஒன்று, முடியும் அளவு, விலை, பணம் வர வேண்டிய நாள். வேறெதுவும் தேவையில்லை. உடம்பு சரியில்லை, மெஷின் ரிப்பேர் என்று காரணம் ஜோடிப்பது சிறிய ஊரில் இரண்டு நாளில் வெளியே வந்துவிடும்.

மறுத்ததற்கும் கணக்கு வையுங்கள். தேதி, அளவு, கேட்ட விலை, நான் சொன்னது, மறுத்த காரணம் என்று ஒரு ஆர்டருக்கு ஒரு பக்கமாக நான் எழுதும் நோட்டு ஒன்று இருக்கிறது. ஆயுத பூஜைக்கு மெஷினெல்லாம் துடைத்து முடித்த பிறகு அதைப் புரட்டுவேன். போன முறை பார்த்தபோது 11 பக்கம் இருந்தது. இரண்டு பேர் சின்ன அளவோடு திரும்பி வந்திருந்தார்கள். ஆறு பேரைப் பற்றி அப்புறம் தகவலே இல்லை. ஒரு ஆர்டரை எடுத்த யூனிட்டுக்கு எட்டு மாதமாகியும் பணம் வரவில்லை. மீதி இரண்டும் நான் எடுத்திருக்க வேண்டியவை. இரண்டிலும் காரணம் என்ற இடத்தில் ‘புது ஆள்’ என்று மட்டும் எழுதியிருந்தேன். அந்த இருவருக்கும் அன்று மாலையே போன் செய்தேன். ஒருவர் எடுத்தார்.